மருந்தும் ஏடும்: கண் மருத்துவமனை நூலகங்களின் வரலாறு

இல்லறத்தார் இயற்ற வேண்டிய தானங்களை ஆகாரதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என நான்காக வகுத்துரைப்பது சமண மரபு. பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், பிணியுற்றவர்க்கு மருந்தும், அறிய விழைந்தவர்க்கு நூலும் அளித்தல் இந்நான்கின் பொருளாகும். இவற்றுள் மருந்தும் நூலும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்கின்ற இடம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவமனை நூலகம்.

வானூர் வட்டத்து ஊர்களிலிருந்து கண்ணோய்க்குச் சிகிச்சை தேடுவோர் பெரும்பாலும் புதுச்சேரிக்கே செல்கின்றனர். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளது. அங்குச் செல்வோர் மருத்துவரைக் காண்கின்றனர்; செவிலியரைக் காண்கின்றனர்; மருந்தும் கண்ணாடியும் பெற்றுத் திரும்புகின்றனர். அம்மருத்துவர்க்கு அறிவு வழங்கும் நூலகத்தை நோயாளி காண்பதில்லை. ஆயினும் அவர்தம் கண்ணில் கருவி படுவதற்கு முன்னரே, எங்கோ ஒருவர் எழுதி வைத்த ஏடு அம்மருத்துவரின் கையை வழிநடத்தத் தொடங்கிவிடுகிறது.

மருந்து எதிரில் நிற்கும் ஒரு நோயாளியைக் காக்கும். எழுதிக் காத்த மருத்துவம், எழுதியவர் கண்டிராத நோயாளிகளையும் காக்கும். எழுதாது விட்டதும், எழுதியும் காவாது விட்டதும் அறிந்தவரோடு அழியும். தமிழகத்துக் கண் மருத்துவத்தின் வரலாறு இவ்வுண்மைக்குத் தெளிவான சான்றாக விளங்குகிறது.

பெயர் மட்டும் எஞ்சிய கண்ணூல்

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உக்கிராதித்தர் என்னும் சமண முனிவர் 'கல்யாணகாரகம்' என்ற மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். ஊனும் கள்ளும் தேனும் மருந்தில் சேராவாறு மருத்துவம் முழுவதையும் அமைத்துக் காட்டியது அந்நூலின் தனிச்சிறப்பு. இராட்டிரகூட மன்னன் நிருபதுங்க அமோகவர்ஷனின் அவையில் ஊனுணவை மறுத்து அவர் நிகழ்த்திய உரையும் அந்நூலின் இறுதியில் இடம்பெறுகிறது. ஏட்டிலேயே பல நூற்றாண்டுகள் கிடந்த இந்நூல் 1940இல் சோலாப்பூரில் இந்தி மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

உக்கிராதித்தர் தமக்கு முன்னிருந்த சமண மருத்துவ ஆசிரியர்களைப் பெயர் சுட்டி நினைவுகூர்கிறார். அறுவை மருத்துவத்தைப் பாத்திரசுவாமியும், நஞ்சு நீக்கும் முறையைச் சித்தசேனரும், உடல்நோய் மருத்துவத்தைத் தசரத குருவும், குழவி மருத்துவத்தை மேகநாதரும் உரைத்தனர் என்கிறார். அவ்வரிசையில் 'சாலாக்கியம்' என்னும் துறையை விளக்கியவர் பூச்சியபாதர் என்பதும் அவர் தரும் செய்தி. சலாகை என்பது மெல்லிய கோல். கண்ணுக்கு மருந்து தீட்டவும் புரையை நீக்கவும் அக்கோல் பயன்பட்டமையால், கண், காது, மூக்கு, வாய், தலை ஆகிய கழுத்துக்கு மேற்பட்ட உறுப்புகளின் மருத்துவம் சாலாக்கியம் எனப்பட்டது.

'சைனேந்திர' இலக்கணமும் 'சருவார்த்தசித்தி' என்னும் உரையும் இயற்றிய பூச்சியபாதரைக் கற்றோர் நன்கறிவர். இலக்கணமும் தத்துவ உரையும் பள்ளிதோறும் பயிலப்பட்டன, படியெடுக்கப்பட்டன, இன்றும் கிடைக்கின்றன. அவருடைய சாலாக்கிய நூல் இன்று கிடைக்கவில்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதை உக்கிராதித்தரின் ஒரு செய்யுள்வரி நமக்குச் சொல்கிறது. அந்நூல் என்ன சொல்லிற்று என்பதைச் சொல்வாரில்லை. எத்தனை நோய்க்குறிகளும் மருந்துகளும் அந்த ஏட்டோடு போயினவோ!

ஓலைக்கு ஆயுள் அளவானது. வெப்பமும் ஈரமும் பூச்சியும் மிகுந்த நம் நாட்டில், ஓரிரு நூற்றாண்டுக்கு ஒருமுறையேனும் புதிய ஓலையில் படியெடுத்தாலன்றி ஒரு நூல் நிலைபெறாது. ஆகவேதான் நூலைப் படியெடுத்து வழங்குவதை முன்னோர் அறமாக விதித்தனர். கன்னட நாட்டில் அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னரின் 'சாந்தி புராண'த்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கிய செயல் சாத்திரதானத்திற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு. ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருப்பின் ஒரு தீயோ ஒரு வெள்ளமோ அதனை அழிக்கும். ஆயிரம் இடங்களில் இருப்பின் அழிப்பது அரிது.

தமிழகத்துச் சமணப் புலவர்க்கும் மருத்துவ அறிவுக்கும் இருந்த உறவு பெரிது. காரியாசான் தம் நூலுக்குச் 'சிறுபஞ்சமூலம்' என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு 'ஏலாதி' என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். ஐந்து வேர்களும், ஏலம் முதலாகிய ஆறு சரக்குகளும் எவை என்று படிப்போர்க்குத் தெரிந்திருந்தமையாலன்றோ அப்பெயர்கள் பொருந்தின! திண்டிவனத்தை அடுத்த பெருமண்டூரோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் மண்டல புருடர் இயற்றிய 'சூடாமணி நிகண்டு' பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் நான்காவது மரப்பெயர்த் தொகுதி. ஒரே மூலிகைக்கு ஊருக்கொரு பெயர் வழங்கும் நாட்டில், பெயர் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் உயிர்க்கே கேடு வரும். புலவர்க்கென எழுந்த நிகண்டு மருத்துவர்க்கும் துணைநூலாயிற்று. இச்செய்தி பின்னர் மீண்டும் பயன்படும்.

கல்லில் பொறித்த மருந்துப் பட்டியல்

காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் 11ஆம் நூற்றாண்டில் நடைபெற்றமையை அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. ஆதுலர்சாலை என்பது மருத்துவமனை. நோயாளர் கிடப்பதற்குப் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் எனப் பணியாளரும் அவர்க்குரிய ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளன.

அங்கு ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும் அக்கல்வெட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றன் பெயர் சுநேத்திரி. நேத்திரம் என்பது கண். நல்ல கண்ணைத் தருவது என்ற பொருளில் அமைந்த அப்பெயரே அது கண்மருந்து என்பதைப் புலப்படுத்துகிறது. தொண்டை மண்டலத்து ஊர் ஒன்றில் ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் கண்ணோய்க்கு மருந்து இருப்பு வைத்திருந்தனர் என்று நாம் இன்று அறிகிறோம்.

அம்மருந்தைச் செய்யும் முறையை விளக்கிய ஏடு அந்த ஆதுலர்சாலை மருத்துவரிடம் இருந்திருக்க வேண்டும். கல்வெட்டு கோயிற் சுவரில் நின்றது, ஏடு நிற்கவில்லை. கல் பெயரைக் காத்தது. முறையைக் காக்க ஒரு நூலகம் வேண்டியிருந்தது.

தஞ்சைத் தன்வந்திரி மகால்

மருத்துவமனையும் நூலகமும் இணைந்து இயங்கிய காட்சியைத் தமிழகம் தெளிவாகக் கண்டது இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில். அவர் 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்டார். ஆட்சியதிகாரத்தின் பெரும்பகுதி ஆங்கிலேயரிடம் சென்றுவிட்ட நிலையில், மன்னர் தம் ஆர்வம் முழுவதையும் கல்வியின்பால் செலுத்தினார். சுவார்ட்சு பாதிரியாரிடம் கல்வி பயின்ற அவர் ஐரோப்பிய மொழிகளை அறிந்திருந்தார். நாயக்கர் காலந்தொட்டு வளர்ந்துவந்த சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்குவதே அவருடைய தலையாய பணியாயிற்று. காசிக்குச் சென்றபோது வடமொழிச் சுவடிகளைத் திரட்டினார். ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இலத்தீன் முதலிய மொழிகளில் அச்சான நூல்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். அவற்றுள் உடற்கூற்று நூல்களும் மருத்துவ நூல்களும் அடங்கும்.

அரண்மனையைச் சார்ந்து அவர் நிறுவிய மருத்துவ நிலையம் தன்வந்திரி மகால் எனப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேனாட்டு மருத்துவம் ஆகிய நான்கு முறைகளிலும் வல்லவர்கள் அங்குப் பணியாற்றினர். மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகட்கும் மருந்து செய்யப்பட்டது. மூலிகைகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தனர். பயன் கண்ட மருந்துமுறைகளைத் தமிழ்ப் பாடல்களாக்கித் தொகுத்தனர். அத்தொகுதியே 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரால் பின்னர் நூலகத்தாரால் பல பகுதிகளாக அச்சிடப்பட்டது. தமிழ்ச் சித்த மருத்துவம் கண்ணோய்களைத் தொண்ணூற்றாறு என வகுக்கும். சுசுருதர் எழுபத்தாறு என்பர். எண்ணிக்கை வேறுபடுவது குறையன்று. பார்த்ததைப் பகுத்து எண்ணி எழுதும் பழக்கம் இரு மரபிலும் இருந்தது என்பதே கருதத்தக்கது.

தன்வந்திரி மகாலின் கண் மருத்துவக் குறிப்புகள் தனிச்சிறப்புடையன. கண்புரை முதலிய நோய்களுடன் வந்தோரின் நோய் வரலாறு, கண் இருந்த நிலை, செய்த சிகிச்சை ஆகியன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்டன. கண்ணின் ஓவியங்களும் அவற்றோடு சேர்ந்தன. இன்று மருத்துவமனைகளில் நோயாளிக்கெனத் தனிக் கோப்பு வைக்கின்றனரே, அதே முறை ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் கைக்கொள்ளப்பட்டது.

மன்னர் 1832இல் மறைந்தார். 1855இல் அவர் மகன் சிவாசி மறைந்தபின் தஞ்சை அரசே இல்லாதொழிந்தது. தன்வந்திரி மகாலின் மருத்துவப் பணியும் நின்றது. மருத்துவர் போயினர், மருந்துகள் போயின. ஆனால் குறிப்புகள் நூலகத்தில் இருந்தமையால் தப்பின. 1918இல் சரசுவதி மகால் பொதுமக்களுக்குரிய நூலகமாயிற்று. 2003இல், சரபோசியின் வழித்தோன்றலுக்கும் சென்னைச் சங்கர நேத்ராலயாவை நிறுவிய மருத்துவர் பத்ரிநாத்துக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலின் பயனாக, அக்கண் மருத்துவக் குறிப்புகள் கண் மருத்துவ அறிஞரின் பார்வைக்கு வந்தன. ஐம்பது சுவடிகள் விரிவாக ஆராயப்பட்டன. மன்னரே செய்தவை என்று நம்பப்படும் கண் அறுவைகளின் வரலாறு வெளிப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். எழுதப்பட்ட நாளிலிருந்து கண் மருத்துவர் ஒருவர் கையில் சேரும் நாள் வரை அவ்வேடுகள் ஏறத்தாழ 175 ஆண்டுகள் காத்திருந்தன. நூலகர் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தூசு தட்டிக் கட்டி வைத்தமையே அவற்றின் உயிர். அதே வேளையில், கண் மருத்துவர் எவரும் தேடி எடுக்கக்கூடிய அட்டவணை இருந்திருப்பின் அவை முன்னரே பயன்பட்டிருக்கும். காத்தல் நூலகத்தின் பாதிப் பணி. தேடுவார்க்குக் காட்டுதல் மறுபாதி.

சென்னைக் கண் மருத்துவமனை

தஞ்சையில் சரபோசி ஆண்ட காலத்திலேயே, 1819இல் சென்னையில் கண்ணோய்க்கெனத் தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. கண் மருத்துவத்திற்கென்றே அமைந்த மருத்துவமனைகளுள் உலகின் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 1805இல் தொடங்கிய இலண்டன் மூர்ஃபீல்ட்சு மருத்துவமனை அதற்கு மூத்தது. இராயப்பேட்டையில் தோன்றிய சென்னை மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு மாறி, அரசு கண் மருத்துவமனையாக இன்றும் ஏழை எளியோர்க்குப் பணிபுரிந்து வருகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்தவர் இராபர்ட்டு என்றி எலியட்டு. கண்ணீரழுத்த நோய்க்கு விழியின் விளிம்பில் நுண்துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைமுறையைச் சென்னையில் வளர்த்து உலகறியச் செய்தவர் அவர். அவருடைய மற்றொரு பணி நூலகத்தின் பயனை உணர்த்துவது. கண்புரையை ஊசியால் குத்திக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் பழைய முறை அந்நாளில் நாடெங்கும் வழங்கியது. ஊர் ஊராகச் செல்லும் வைத்தியர் புரையைத் தள்ளிவிட்டு, நோயாளி ஒளியைக் கண்டு மகிழும் வேளையிலேயே கூலி பெற்று அகன்றுவிடுவர். சில நாளில் கண் பழுத்துப் பார்வை அறவே போனால், அதைக் காண அவர் அங்கிரார். வெற்றியை மட்டும் கண்ட வைத்தியர்க்குத் தம் முறையின் தீங்கு தெரியவே வாய்ப்பில்லை.

அவ்வாறு கெட்ட கண்களோடு மருத்துவமனைக்கு வந்தோரைப் பற்றிய குறிப்புகளையும், அகற்றப்பட்ட கண்களையும் எலியட்டு முறையாகத் தொகுத்தார். அவற்றைக் கொண்டு 1917இல் இலண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார், நூலும் வெளியிட்டார். சென்னை மருத்துவமனையில் அவர் பெயரால் கண் மருத்துவப் பள்ளியும் காட்சியகமும் அமைந்தன. தோல்வியை எழுதி வைப்பதற்கு வெற்றியை எழுதுவதைக் காட்டிலும் மிகுந்த நேர்மை வேண்டும். பின்வருவோர்க்கு அதுவே மிகுந்த பயனும் தரும்.

எழுதியதைப் படியாமல் விட்டதால் விளைந்த கேட்டிற்கும் உலக வரலாற்றில் சான்று உண்டு. 1940களில் மேலைநாடுகளில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் காக்க உயிர்வளியை மிகுதியாகக் கொடுத்தனர். குழந்தைகள் பிழைத்தன, அவற்றுள் பல பார்வை இழந்தன. 1951இல் ஆத்திரேலிய மருத்துவர் கேட்டு கேம்பெல் அம்மையார், மிகுதியான உயிர்வளியே காரணமாகலாம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1954இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதனை உறுதிசெய்தது. அவ்வெழுத்து எட்டிய மருத்துவமனையில் குழந்தைகள் பார்வையோடு வீடு திரும்பின. எட்டாத மருத்துவமனையில், அன்புள்ள மருத்துவரே அறியாமல் தீங்கிழைத்தார். இதழ் மேசைக்கு வந்து சேர்வதும் சேராமற் போவதும் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்தது.

இன்றைய கண் மருத்துவ நூலகம்: தொகுப்பும் பணியும்

பொது நூலகம் எல்லாத் துறை நூல்களையும் ஓரளவு வைத்திருக்கும். சிறப்பு மருத்துவமனையின் நூலகம் ஒரு துறையை ஆழமாகத் தொகுக்கும். இலண்டன் மூர்ஃபீல்ட்சு மருத்துவமனையும் அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் கண் மருத்துவ ஆய்வு நிறுவனமும் ஒன்றுசேர்ந்து கண்ணுக்கென ஒரு நூலகத்தை நடத்தியமை இதற்குத் தக்க சான்று.

இத்தகைய நூலகத்தின் தொகுப்பைச் சில வகைகளாகக் காணலாம். முதலாவது பாடநூல்களும் கண்ணின் படத்தொகுதிகளும். இரண்டாவது ஆய்விதழ்கள். அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கத்தின் இதழ் 1953 முதல் வெளிவருகிறது. அதன் பழைய இதழ்களையும் இன்று இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். மூன்றாவது முதுகலை மாணவரின் ஆய்வேடுகள். ஒவ்வொரு மாணவரும் பயிற்சியின்போது நம் மக்களிடையே காணும் நோயை ஆய்ந்து ஓர் ஏடு அளிக்கிறார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இத்தகைய ஆய்வேடுகளை மின் களஞ்சியமாக்கி எவரும் படிக்குமாறு வைத்துள்ளது. நான்காவது அறுவை முறைகளின் ஒளிப்பதிவுகள். சலாகை பிடித்த ஆசானின் கையை அருகிருந்து பார்த்துக் கற்ற காலம் போய், ஆயிரம் கல் தொலைவிலுள்ள ஆசானின் கையையும் மீண்டும் மீண்டும் பார்த்துக் கற்கும் காலம் இது.

தொகுப்பினும் பணி பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்றவரும், இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவருமான சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பன அவற்றின் சாரம். நான்காம் விதி வேறெங்கும் வசதி. மருத்துவமனையில் அது சிகிச்சையின் ஒரு பகுதி. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படின், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருத்தலாகாது. மணிக்கணக்கில் பார்வை போய்விடும். அரிய நோயொன்றைக் கண்ட மருத்துவர் கேட்கும் செய்தியை நூலகர் விரைந்து தேடித் தருகிறார். தம்மிடம் இல்லாத கட்டுரையைப் பிற நூலகத்திலிருந்து வரவழைக்கிறார். புதிதாக வந்த இதழ்களின் பொருளடக்கத்தை மருத்துவர்க்கு அனுப்புகிறார். தேடும் முறையைப் பயிற்சி மருத்துவர்க்குக் கற்பிக்கிறார்.

இத்தேடலுக்கு உலகளாவிய அட்டவணை ஒன்று துணைநிற்கிறது. அமெரிக்காவில் படை மருத்துவத் தலைவர் அலுவலக நூலகத்தை வளர்த்த சான் ஷா பில்லிங்சு 1879இல் மருத்துவ இதழ்க் கட்டுரைகளுக்குத் தொடர் அட்டவணை வெளியிடத் தொடங்கினார். அந்நூலகமே பின்னர் அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகமாயிற்று. அந்த அட்டவணை கணினிக்கு மாறி, 1997 முதல் 'பப்மெட்' என்ற பெயரில் உலகோர் அனைவர்க்கும் இலவசமாயிற்று. அதன் உயிர்நாடி 1960இல் வகுக்கப்பட்ட மருத்துவப் பொருட்சொல் அகராதி. ஒரே நோயை ஒருவர் ஒரு பெயரால் எழுதுவார். மற்றொருவர் வேறு பெயரால் எழுதுவார். எல்லாப் பெயரையும் ஒரு தலைச்சொல்லின்கீழ்ச் சேர்த்தாலன்றித் தேடுபவர்க்குப் பாதி கட்டுரைகள் அகப்படா. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சேர்த்துரைப்பது நிகண்டின் பணியன்றோ! மண்டல புருடர் மரப்பெயர்த் தொகுதியில் செய்த பணியை, உலக மருத்துவ நூலகங்கள் இன்று நோய்ப்பெயர்கட்குச் செய்கின்றன. சொல்லை ஒழுங்குபடுத்துதல் உயிரைக் காக்கும் தொழில் என்பதைத் தமிழ்ப் புலமை மரபு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது.

அறிந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமையும் நூலக அறமே. மருத்துவர் கோ. வெங்கடசாமி பணிநிறைவு பெற்றபின் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் அரிமா சங்கத்தின் துணையோடு அங்கு அமைந்த சமூகக் கண் மருத்துவ நிறுவனம், குறைந்த செலவில் மிகுந்த எண்ணிக்கையில் அறுவை செய்யும் முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்கிறது. நிருவாக முறைகளையும் பயிற்சிக் கையேடுகளையும் பிறரும் எடுத்தாளுமாறு வழங்கியது. தம் தொழில் நுணுக்கத்தை மறைத்துவைப்பது வைத்தியரிடையே நெடுநாள் வழக்கமாயிருந்த நாட்டில், இது ஒரு பெருந்திருப்பம். அம்மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை 2003இல் தவளக்குப்பத்தில் திறக்கப்பட்டது. வானூர்ப் பகுதி மக்கள் அதன் பயனை நன்கறிவர்.

வானூரும் அதன் சுற்றமும்

மருத்துவக் கல்வியின் வரலாறு வானூருக்குத் தொலைவான செய்தியன்று. கோரிமேட்டு எல்லையைக் கடந்தால் பட்டானூர். அது வானூர் வட்டம். அந்த எல்லையோரத்தில் நிற்கும் ஜிப்மரின் தொடக்கம், பிரெஞ்சு அரசு 1823இல் புதுச்சேரியில் ஏற்படுத்திய மருத்துவப் பள்ளி. 1964இல் அது ஜவாகர்லால் நேரு பெயரைத் தாங்கியது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான சுவடிக்கட்டுகளைக் காத்து வருகிறது. அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

நம் குடும்பங்களுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. குடந்தைச் சமண இல்லத்தார் ஏடும் விளக்கமும் அளித்தமையாலன்றோ உ.வே. சாமிநாதையரின் 'சீவகசிந்தாமணி'ப் பதிப்பு 1887இல் முழுமை பெற்றது! காப்பியத்திற்கு நேர்ந்த அந்நற்பேறு மருத்துவ ஏடுகளுக்கு நேரவில்லை. காப்பிய ஏட்டைப் புனிதமெனப் போற்றினர். மருந்துக் குறிப்பேட்டை, பாட்டனார் எழுதிய பழைய ஓலை என்று பரணில் விட்டனர். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டவையும், கறையானுக்கு இரையானவையும் பல. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பகுதிகளில் இன்னும் சில இல்லங்களில் ஓலைக்கட்டும் கையெழுத்துக் குறிப்பேடும் கிடத்தல் கூடும்.

சுருத பஞ்சமி நாளில் ஏடுகளை எடுத்துத் துடைத்து வழிபடுவது நம் மரபு. அந்நாளில் வீட்டிலுள்ள பழைய ஏடுகளையும் பரணிலிருந்து இறக்கிப் பார்ப்பது அவ்வழிபாட்டின் தொடர்ச்சியாகும். எழுத்துப் புரியவில்லை என்பதற்காக ஓர் ஏட்டையும் எறிதலாகாது. ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க முயன்று உடைத்தலும் ஆகாது. யாருடையது, எந்த ஊரினது, எத்தனை ஓலை என்பவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். பின்னர்ச் சுவடியியல் அறிந்தோரிடம் காட்டி நிழற்படியெடுக்கச் செய்யலாம். 2003இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளைச் சுவடியாக ஏற்றது. தாத்தாவின் மருந்துக் குறிப்பேடும் அவ்வரையறைக்குள் அடங்கலாம். மூலம் வீட்டிலேயே இருக்கலாம். படி நூலகத்தில் இருக்கட்டும். அத்திமப்பை ஆயிரம் படி எடுத்ததன் கருத்தும் அதுவே. பழைய மருந்து முறைகளைத் தாமே செய்து உட்கொள்ளுதல் தகாது. அவற்றை ஆராய்வது அத்துறை வல்லுநரின் கடமை.

ஔடததானம் செய்ய விழைவோர்க்கும் இங்கு ஒரு வழி திறந்துள்ளது. கண் முகாமுக்குப் பொருள் வழங்கும் அறக்கட்டளைகள், மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு ஆண்டுக்கொரு நூலேனும் வழங்கலாம். கண்புரை, கண்ணீரழுத்தம், நீரிழிவால் வரும் விழித்திரை நோய் ஆகியவற்றை எளிய தமிழில் பெரிய எழுத்தில் விளக்கும் சிறுநூல்களை அச்சிட்டு, நோயாளர் காத்திருக்கும் கூடங்களில் வைக்கலாம். மருத்துவர்க்கு நூலகம் உண்டு. நோயாளிக்கும் அவர் மொழியில் ஒரு பலகை நிறைய நூல் வேண்டும். தமிழறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் ஊர்களில் பலர் உள்ளனர். மருத்துவரின் துணையோடு அவர்கள் இப்பணியை மேற்கொள்ளலாம்.

பூச்சியபாதரின் கண்ணூலை மீட்கும் வழி நமக்கில்லை. சரபோசியின் கண்ணேடுகள் நூலகத்தால் தப்பின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஆசிரியரின் புலமையால் வந்ததன்று, காத்தவரால் வந்தது. இன்று நம் கையில் இருப்பவை நாளை எவ்வரிசையில் சேரும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் நாமே. மருந்தளிக்கும் கையோடு ஏடளிக்கும் கையும் சேர்க! அறம் வளர்க!